லாபுப் பூசணியும் கெய்ரோ ஒட்டகமும்

ஊர் எப்படிப் பிறக்கிறது? ஆற்றோரமாக நாலு குடும்பம் குடிசை போட்டது, ராஜா மானியம் கொடுத்தார், சாமி கனவில் வந்து கோயில் கட்டச் சொன்னது என்று தலபுராணங்கள் அளக்கும். ஒன்றையும் நம்பவேண்டாம். பக்கத்து ஊர்க்காரன் உதட்டைப் பிதுக்கி, “அந்த ஊரா? அங்கே...” என்று இழுத்தானே, அந்த நாளில்தான் ஊர் பிறந்தது. அதுவரைக்கும் அது வெறும் இடம். வசை விழுந்த பிறகுதான் இடத்துக்கு மானம் வரும். மானம் வந்தால் சண்டை வரும். சண்டை வந்துவிட்டால் கவலை இல்லை, இனி நூறு வருஷத்துக்கு யாரும் அந்த ஊரை மறக்கமாட்டார்கள்.

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்கள் ஊரான கதையை இந்தக் கணக்கில்தான் சொல்லப்போகிறேன். ஏக்கர் கணக்கும் லாபக் கணக்கும் வேண்டுவோர் லண்டனுக்கு எழுதிக் கேட்கலாம், பத்திரமாக வைத்திருப்பார்கள். யார் யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்ற கணக்கை எந்தக் கம்பெனியும் பேரேட்டில் ஏற்றவில்லை.

கதை தொடங்குவது நெகிரி செம்பிலானில் இல்லை, நாகப்பட்டினத்தில்.

15ஆம் நூற்றாண்டு. வரதன் என்று ஒரு சமையற்காரர். திருவரங்கம் கோயில் மடைப்பள்ளியில் கரண்டி பிடித்தவர். திருவானைக்கா மோகனாங்கி மேல் வந்த காதலில் பெருமாளை விட்டுவிட்டுச் சிவனிடம் தாவினார் என்றும், அம்பாள் அருளால் கவி பாடும் வாய் கிடைத்தது என்றும் கதை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நாக்கை எடுத்தார், காளமேகம் ஆனார். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் எந்த ஊரும் நிம்மதியாகத் தூங்கவில்லை.

இந்தக் காளமேகம் ஒரு நாள் பசியோடு நாகைக்குள் நுழைந்தார். பாக்குத் தெறித்து விளையாடிக்கொண்டிருந்த பையன்களிடம், “தம்பி, சோறு எங்கேடா விக்கும்?” என்றார். ஒரு பொடியன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “தொண்டையில விக்கும்” என்றான். ஊரையெல்லாம் திட்டித் தீர்த்த கவிராயரை ஒரே சொல்லில் மடக்கிய அந்தப் பையன் பெயரை எந்தப் புலவர் வரலாறும் எழுதிவைக்கவில்லை. அவனுக்குத்தான் நான் சிலை வைப்பேன்.

அடுத்து காத்தான் சத்திரம். பொழுது சாயும்போது அரிசி வந்து இறங்குமாம், அதைக் குத்தி உலையில் போடுவதற்குள் ஊரே உறங்கிவிடுமாம், ஒரு அகப்பைச் சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி முளைத்துவிடுமாம். இந்த அர்த்தத்தில் ஒரு வெண்பா போட்டு மானத்தை வாங்கினார். சத்திரத்துக்காரர் பதறிப்போய் வந்து நின்றதும், அதே வெண்பாவுக்கு வேறு பொருள் சொன்னார். உலகத்தில் விளைச்சல் இல்லாத காலத்தில் இங்கே அரிசி வந்து குவியும், குத்தி உலையில் போட்டால் ஊரின் பசி அடங்கும், இலையில் விழும் சோற்றின் வெண்மையைப் பார்த்து வெள்ளி நட்சத்திரமே வெட்கப்படும். ஆக, திட்டும் அதுவே, பாராட்டும் அதுவே. எல்லாரும் இதைச் சிலேடையின் பெருமை என்று கொண்டாடுகிறார்கள். எனக்கு என்னவோ இதில் தொழில் காய்ச்சல்தான் தெரிகிறது. ஒரு மடைப்பள்ளிக்காரர் இன்னொரு அடுப்பங்கரையைப் பற்றி நல்லபடியாகப் பேசியதாக உலக வரலாற்றில் உண்டா?

பக்கத்திலேயே திருமலைராயன்பட்டினம், இன்று காரைக்கால் வட்டாரத்தில் இருக்கிறது. அங்கே அரசவையில் உட்கார ஆசனம் கொடுக்காமல் அவமானப்படுத்தினார்கள். கவிராயர் மண்மாரி பொழியும்படி சபித்துப் பாடினார், ஊர் மண்மூடிப் போயிற்று என்பது கர்ணபரம்பரை. நாற்காலி போடாததற்கு ஓர் ஊரையே புதைக்கலாமா என்று கேட்கக்கூடாது. இன்றைக்கும் கலியாண வீட்டில் முன்வரிசை கிடைக்காத பெரியப்பாக்களின் சாபம் இந்த அளவில்தான் இருக்கிறது.

இது நம் சொத்து மட்டும் என்று நினைத்துவிடவேண்டாம். அயர்லாந்திலும் ஊரைப் பழித்துப் பாட்டுக் கட்டுவது பழைய கலை. அங்கே புலவன் வசை பாடினால் எதிராளி முகத்தில் கொப்புளம் வருமாம், எலிகூடச் செத்து விழுமாம். கார்க் வட்டாரத்தில் பேண்டன் என்ற ஊர் புராட்டஸ்டண்டுக்காரர்கள் கட்டியது. துருக்கன் வரலாம், யூதன் வரலாம், சாமியே இல்லை என்பவனும் வரலாம், கத்தோலிக்கன் மட்டும் வரக்கூடாது என்று கோட்டைக் கதவில் எழுதி வைத்தார்களாம். எவனோ ஒரு கத்தோலிக்கன் ராத்திரியோடு ராத்திரியாகக் கீழே எழுதிவிட்டுப் போனானாம்: நரகத்தின் வாசலிலும் அப்படியேதான் போட்டிருக்கிறது என்று. நாகைப் பையனுக்குத் தூரத்துச் சொந்தமாக இருக்கவேண்டும்.

நாகப்பட்டினத்துக்குத் திரும்புவோம். காளமேகம் போய்ச் சில நூற்றாண்டு கழித்து அதே ஊரில் இன்னொரு சத்திரம் எழும்பியது, வெள்ளைக்காரன் கட்டியது. நாகைக்குப் பக்கத்தில் பாப்பாக்கோயில், மெட்ராஸுக்குப் பக்கத்தில் ஆவடி என்று இரண்டு இடத்தில் மலாயாவுக்கு ஆள் ஏற்றும் முகாம்கள். 1907இல் தோட்ட முதலாளிகளிடம் வரி வசூலித்து இந்தியக் குடியேற்ற நிதி என்று ஒன்று உண்டாக்கினார்கள். தோட்டத்து மேஸ்திரியான கங்காணி தன் ஊருக்குப் போய்ச் சொந்தபந்தத்தை எல்லாம் இனிக்க இனிக்கப் பேசிக் கூட்டிவருவார், அந்த நிதி கப்பல் டிக்கெட் எடுக்கும். இலங்கைக்கு ஆள் பிடித்தவர்கள் தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் இருக்கிறது என்றார்கள். மலாயாக் கங்காணிக்கு அந்தச் சிரமம் இல்லை. மரத்தைக் கீறினால் பால் வடியும் என்று உண்மையைச் சொன்னாலே போதும், கேட்டவன் எருமையை நினைத்துக்கொண்டு கப்பல் ஏறிவிடுவான்.

அப்படி ஏறியவர்கள் தட்டுமுட்டுச் சாமான், மாரியம்மன், தெருக்கூத்து, சாதி என்று எல்லாவற்றையும் மூட்டைகட்டினார்கள். சுங்கத்தில் காட்டாமல் கொண்டுவந்த சரக்கு ஒன்று உண்டு. ஊரைப் பழிக்கும் வாய். கிள்ளான் துறைமுகத்தில் அம்மைக்கும் காலராவுக்கும் தடுத்து நிறுத்திச் சோதித்தார்கள். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்த டாக்டருக்கும் அங்கே இருந்தது தெரியவில்லை.

வந்து இறங்கிய மாநிலம் எப்படிப்பட்டது? நெகிரி செம்பிலான், ஒன்பது நாடு. ஒன்பது பேரும் ஒருவரை ஒருவர் ராஜாவாக ஏற்காததால் 1773இல் சுமத்ராவின் மினாங்கபாவிலிருந்து ராஜா மெலேவாரை வரவழைத்து உட்காரவைத்தார்கள். நம் ஊர்ப் பஞ்சாயத்துகளுக்கு இந்த யோசனை ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. அதைவிடப் பெரிய அதிசயம் அவர்களுடைய அடாட் பெர்ப்பாத்தே வழக்கம். வம்சம் தாய்வழி, பூர்வீக நிலம் பெண்ணுக்கு, கலியாணம் ஆனால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போகவேண்டும். மாநிலம் முழுக்க வீட்டோடு மாப்பிள்ளை! மீசை முறுக்கிக்கொண்டு கப்பலில் வந்த நம் ஆட்களுக்கு இது காதில் விழுந்திருந்தால் பாதிப்பேர் அடுத்த கப்பலில் திரும்பியிருப்பார்கள். மீதிப்பேர் மதம் மாறியிருப்பார்கள்.

ஊர்ப் பெயருக்குக் கதை கட்டுவதில் மலாய்க்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. ரெம்பாவுக்கு ஒரு பிரம்மாண்டமான மெர்பாவ் மரத்தைக் காரணம் சொல்வார்கள். அரச ஊரான ஸ்ரீ மெனாந்தியில், வந்தவர்களுக்காக நெற்கதிர் விளைந்து காத்திருந்ததாம். சிரம்பான் என்றால் மலாய்ப் பிள்ளைகளுக்குப் பத்து சிரம்பான் ஞாபகம் வரும். அதாவது நம்முடைய அஞ்சாங்கல் ஆட்டம். ‘பத்து’ என்றால் கல், எண்ணிக்கை இல்லை. பத்து என்று சொல்லிவிட்டு ஐந்து கல்லில் விளையாடுகிறார்களே என்று நம் பாட்டிமார் மலைத்திருப்பார்கள்.

ராஜா சுமத்ராவிலிருந்து வந்ததோடு இறக்குமதி நிற்கவில்லை. 1874இல் அந்த ஒன்பதில் ஒன்றான சுங்கை ஊஜோங்குக்கு வெள்ளைக்கார ரெசிடெண்ட் வந்தார். தாமஸ் ஹெஸ்லாப் ஹில் என்ற துரை இலங்கையிலிருந்து காப்பியைக் கொண்டுவந்தார். 1891இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் ரயில் ஓடியது. போர்ட்டிக்சனுக்கே டிக்சன் என்ற அதிகாரியின் பெயர்தான். அப்புறம் ரப்பர். பிரேசிலில் விக்கம் என்பவர் 1876இல் விதையை அள்ளிக்கொண்டு போக, லண்டனில் முளைத்து, 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. ரிட்லி என்ற தாவரவியல்காரர் கண்ட துரையின் சட்டைப் பையிலெல்லாம் விதையைத் திணித்தார், பைத்தியக்கார ரிட்லி என்று பெயர் எடுத்தார். முதலில் அவரை நம்பி வியாபாரமாக நட்டவர் பக்கத்து மலாக்காவின் டான் சே யான், 1896இல். துரைமார் காப்பி விலை விழும் வரைக்கும் ரிட்லியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ராஜா வெளியூர், மரம் வெளிதேசம், முதல் லண்டன், ஆள் தஞ்சாவூர் பக்கம். தோட்டத்துக்குப் பெயராவது உள்ளூரில் வைத்தார்களா? அதுவும் பலதுக்கு இல்லை. கிர்பி, அதர்ட்டன், மிடில்டன், ரீஜண்ட், செயிண்ட் லியோனார்ட், கெட்டிஸ், கெய்ரோ, ஷாங்காய். தலை சுற்றுகிறதா? இது உலக வரைபடம் இல்லை, நெகிரி செம்பிலான். இந்தப் பெயர்களைத் தமிழ் வாயில் போட்டு மென்று, துப்பவேண்டியதைத் துப்பி, விழுங்கவேண்டியதை விழுங்கியது நம் ஆட்கள். மலாய்க்காரன் ஆற்று முகத்துவாரத்தைக் குவாலா என்றான். தமிழன் காதில் அது கோலமாக விழுந்தது. கோலாலம்பூர், கோலக்கிள்ளான், கோலப்பிலா என்று நாடு முழுக்க வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டான். கோலப்பிலாவில் பிலாவும் பழுத்துவிட்டது.

பெயர் வந்துவிட்டது, வசை வரவில்லை. தோட்டத்தில் ஐந்து மணிக்கு முன்பே பெரட்டு. வரிசையில் நிற்கவைத்துப் பேர் கூப்பிட்டு, நிரை பிரித்து, மரம் வெட்ட அனுப்புவார்கள். மங்கில் பால் இறங்கும், காண்டா வாளியில் தோளேறி ஸ்டோருக்குப் போகும். அங்கே கிராணி என்ற கணக்கர் நிறுத்துத் தரம் பார்த்து எழுதுவார். எழுதியது எப்போதும் குறைவாகவே இருக்கும். சாயங்காலம் லயம் என்கிற வரிசை வீட்டுக்குப் போகும் வழியில் கள்ளுக்கடை. வாய் திறக்கும் இடங்கள் இவைதாம். கிராணிகள் பலர் மலையாளிகள் அல்லது யாழ்ப்பாணத்தார். துரைக்கு இங்கிலீஷில் குனிவார்கள், நம்மிடம் தமிழில் நிமிர்வார்கள். துரையை நேராகத் திட்டினால் வேலை போகும், கங்காணியைத் திட்டினால் கடன் நோட்டு வெளியே வரும். அடுத்த தோட்டத்தைத் திட்டினால் யாருக்கும் நஷ்டம் இல்லை. அடுத்த தோட்டம் என்று பேர் வைத்துக்கொண்டு சொந்தத் துரையைத் திட்டினால் யாருக்கும் புரியாது. ஊர் வசையின் சூட்சுமமே அதுதான்.

அந்தக் கலையில் நாமும் இறங்கிப் பார்ப்போமே. கீழே வரும் பாட்டெல்லாம் நானே கட்டியது. யாரும் வாய்மொழி இலக்கியம் என்று சேகரித்து ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிவிடவேண்டாம்.

முதலில் கெய்ரோ. பிரமிடு கிடையாது, நைல் நதி கிடையாது.

கெய்ரோத் தோட்டத்தில ஒட்டகம் உண்டா அண்ணே?
கிராணி துரையைக் கும்புடையில முதுகைப் பாரு கண்ணே!

அடுத்து லாபு. லாபு என்றால் மலாயில் பூசணிக்காய், சுரைக்காய் வகையறா. பூசணிக்காயைக் கண்ட தமிழன் அதைச் சோற்றில் மறைக்காமல் விடுவானா?

லாபுத் தோட்டத்துப் பூசணிக்காய் முழுசா மறைஞ்சு போச்சு;
லயத்துச் சோத்துல தேடிப் பாத்தா சோறே மறைஞ்சு போச்சு.

இதைப் பெரட்டில் யாரோ முணுமுணுக்க, துரை காதில் விழுந்துவிட்டது என்று வையுங்கள். துரைமாருக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும், அதுதான் ஆபத்து. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே கொழும்பில் சின்னத் துரைமாருக்கென்று பாக்கெட் தமிழ் வழிகாட்டி அச்சாகியிருக்கிறது. அதன் தலைப்பே ‘இங்கே வா’. வரவேற்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். துரைத் தமிழில் வினைச்சொல் எல்லாம் ஏவல்தான்: வா, போ, வெட்டு, தூக்கு. அந்தத் தமிழை வைத்துக்கொண்டு சிலேடையைப் பிடிக்க முடியுமா? கிராணியைக் கூப்பிட்டு அர்த்தம் கேட்கிறார். கிராணி தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்கிறார்: “ஐயா, பூசணிக்காயே மறையும் அளவுக்குச் சோறு குவிந்து கிடக்கிறது என்று சந்தோஷப்படுகிறார்கள். சோறு மறைந்ததாவது, அத்தனை ருசி, பரிமாறின கையோடு காலியாகிவிடுகிறதாம்.” துரை மகிழ்ந்துபோய் இங்கிலாந்துக்குக் கடிதம் எழுதுகிறார். காளமேகத்துக்கு அம்பாள் கொடுத்த வரம், கிராணிக்குச் சம்பளத்தோடு சேர்ந்தே வந்துவிட்டது.

பகாவ் பக்கம் கெட்டிஸ் தோட்டம், டன்லப் கம்பெனியுடையதாக இருந்தது. 1922 முதல் டன்லப்புக்குத் தலைவராக இருந்தவர் சர் எரிக் கெட்டிஸ். அதற்குச் சற்று முன்தான் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் செலவையெல்லாம் கண்டபடி வெட்டித் தள்ளச் சொல்லி அறிக்கை கொடுத்து, ‘கெட்டிஸ் கோடரி’ என்று லண்டன் பத்திரிகைகளில் பெயர் எடுத்திருந்தார். பட்டப்பெயர் வைப்பது நம் லயத்துக்கு மட்டும் சொந்தம் இல்லை போலிருக்கிறது. 1930இல் ரப்பர் விலை பாதாளத்தில் விழுந்தபோது ஆண் கூலியின் நாட்சம்பளம் 50 காசிலிருந்து 40 காசுக்கு இறங்கியது. எல்லாத் தோட்டத்திலும் கோடரி விழுந்தது, பெயர் மட்டும் ஒரு தோட்டத்துக்கு.

கெட்டிஸ் தோட்டத்துக் கோடரி மரத்தை வெட்டாது;
சம்பளக் கணக்கை வெட்டையிலே சத்தமும் கேக்காது.

பக்கத்தில் ஆயர் ஈத்தாம் தோட்டம், கறுப்புத் தண்ணீர் என்று அர்த்தம். இரண்டு தோட்டத்துக்கும் கொள்வினை கொடுப்பினை நடக்கும்போது பெண்கள் சும்மா இருப்பார்களா? கெட்டிஸ்காரி ஆரம்பிக்கிறாள்:

ஆயர் ஈத்தாம் மாப்பிள்ளை எனக்கு வேணாம் ஆத்தா,
வெள்ளை வேட்டி தொவைச்சுப் போட்டா கறுப்பா இருக்குது பாத்தா!

அந்தப் பக்கத்திலிருந்து பதில் வருகிறது:

கெட்டிஸ் தோட்டத்துப் பொண்ணு எனக்கு வேணாம் அப்பா,
கோடரி புடிச்ச கையில கரண்டி புடிப்பா தப்பா!

இப்படிப் பாடிக்கொண்டவர்கள் கடைசியில் ஒருவரை ஒருவர்தான் கட்டிக்கொள்வார்கள். வேறு போக்கு? மாரியம்மன் திருவிழாவுக்கு வரும் கூட்டமும் அதுதான், பந்து விளையாட்டில் காலை உடைக்கும் கூட்டமும் அதுதான், திடலில் திரை கட்டிப் படம் காட்டினால் பாய் விரித்து முன்னால் இடம் பிடிக்கும் கூட்டமும் அதுதான். பெண் எடுக்காத தோட்டத்தைப் பற்றி ஒருவரும் பாட்டுக் கட்டியிருக்கமாட்டார்கள்.

செயிண்ட் லியோனார்ட் தோட்டத்துக்கு வருவோம். கிறிஸ்தவ மரபில் புனித லியோனார்ட் யாருக்குக் காவல் தெரியுமா? சிறைக் கைதிகளுக்கு. அவரை வேண்டினால் விலங்கு தானாகக் கழலும் என்பது ஐதீகம். பெயரைத் தேர்ந்தெடுத்தவர் இதை யோசித்திருக்கமாட்டார். யோசித்திருந்தால் வேறு சாமியைத் தேடியிருப்பார்.

கைதிக்கெல்லாம் விலங்கு அவுக்க லியோனார்ட் சாமி வந்தாராம்;
கங்காணி கண்ணுல பட்டுப்புட்டு பெரட்டு வரிசையில நின்னாராம்.

ஷாங்காயில்தான் கொஞ்சம் நிற்கவேண்டும். ஏனென்றால் இங்கே சிரிப்பு சீனச் சக்கரவர்த்தி வரைக்கும் போகிறது. ஷாங்காய் சிரம்பான் ரப்பர் எஸ்டேட்ஸ் என்று ஒரு கம்பெனி. பங்கு விற்றது ஷாங்காயில், மரம் நின்றது சிரம்பானில். இதுபோல ஊர்ப் பெயரை ஒட்டவைத்துக்கொண்டு ஷாங்காயில் பல ரப்பர்க் கம்பெனிகள் முளைத்தன. மோட்டார் வண்டி பெருகிய காலம். 1910 ஏப்ரலில் லண்டனில் ஒரு பவுண்டு ரப்பர் 12 ஷில்லிங்குக்கு மேல் போனது. ஷாங்காயில் தையற்காரரும் தாசில்தாரும் ஒரே வரிசையில் நின்று பங்கு வாங்கினார்கள். எத்தனையோ கம்பெனியில் மரம் கன்றாக இருந்தது, சிலவற்றில் விளம்பரத்தில் மட்டுமே இருந்தது. வாங்கியவர்கள் யாரும் ரப்பர் மரத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. இலை எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தால் நம் ஆயாக் கொட்டகைப் பிள்ளை சொல்லியிருக்கும்.

ஜூலையில் விலை சரிந்தது. ஷாங்காயின் உள்ளூர் வங்கிகள் வரிசையாகக் கதவைச் சாத்தின. சிச்சுவான் மாநிலத்தில் ரயில்பாதை போடுவதற்காக ஜனங்களிடம் திரட்டிய பணத்திலும் ஒரு பகுதி இந்த ரப்பர் பித்தில் கரைந்துபோயிருந்தது. அடுத்த வருஷம் அரசாங்கம் ரயில் கம்பெனியை எடுத்துக்கொள்கிறேன் என்றது. போன பணத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டு சிச்சுவான் கொந்தளித்தது. அதை அடக்கப் பட்டாளத்தை அனுப்பிய நேரத்தில் வூச்சாங்கில் புரட்சி வெடித்தது. 1912 பிப்ரவரியில் ஆறு வயதுச் சக்கரவர்த்தி முடி துறந்தார். இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆண்ட சிங் வம்சத்தைக் கவிழ்த்தது சன் யாட்-சென் என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறது. பாலில் தண்ணீர் கலந்து ஸ்டோரில் நிறுத்த நம் முனியாண்டிகளுக்கும் அதில் ஒரு துளிப் பங்கு உண்டு என்பது என் கட்சி. சீனாக்காரர்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். அவர்களுக்குத் திருவிழா மரியாதை பிரித்துக் கொடுக்கும் பழக்கம் இல்லை.

பாலு சிரம்பானுல, பங்கு ஷாங்காயில,
பட்டினி மட்டும் எப்பவும் நம்ம வாயில.

இத்தனை பெயர் மாற்றத்தையும் பார்த்துவிட்டோம் என்று ஓய்ந்திருந்த காலத்தில் ஜப்பான்காரன் வந்தான். சிங்கப்பூரில் சோற்றுக்குத் தட்டுப்பாடு. 1943 கடைசியில் யூரேசியரையும் சீனக் கத்தோலிக்கரையும் பகாவுக்கு அனுப்பிக் காட்டை வெட்டிப் பயிர்செய்யச் சொன்னான். அந்த இடத்துக்கு ஃபுஜி-கோ என்று பெயர். பகாவில் ஃபுஜி மலை! அங்கே பனிக்குப் பதில் மலேரியா இருந்தது. நகரத்தில் பியானோ வாசித்தவர்கள் மண்வெட்டி பிடித்துக் கும்பல் கும்பலாக மாண்டார்கள். நம் தோட்டத்து ஆட்களைச் சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுபோனார்கள். வசை பாடும் வாய்கள் பல அங்கிருந்து திரும்பவில்லை. இந்த இடத்தில் எனக்குப் பாட்டுக் கட்ட வரவில்லை.

சுதந்திரம் வந்தது, துரை போனார், ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடு வந்தது. தோட்டப் பெயர்கள் இப்போது பத்திரமாக இருக்கும் இடம் தமிழ்ப்பள்ளிகள்தாம். கம்பெனி மூடும், லயம் இடிபடும், கோயிலுக்கு நோட்டீஸ் வரும், பள்ளிக்கூடப் பலகையில் மட்டும் தோட்டம் என்று அர்த்தப்படும் ‘லாடாங்’ அசையாது. சுற்றிலும் மாடி வீடு, முன்னால் நெடுஞ்சாலை, நடுவில் லாடாங் என்று ஒரு பள்ளி. சீருடைப் பையில் கெய்ரோ என்று எழுதிக்கொண்டு போகும் பிள்ளையைப் பார்த்தால் வெளியூர்க்காரன் இது எகிப்தியத் தூதரகத்துப் பள்ளி என்று ஒதுங்கி நிற்பான். லாபுவில் இன்னும் விசேஷம். லாபு பகுதி 1 தமிழ்ப்பள்ளி உண்டு, லாபு பகுதி 4 தமிழ்ப்பள்ளி உண்டு. இரண்டையும் மூன்றையும் கேட்காதீர்கள். பூசணிக்காயை மறைத்த கைக்கு அது எம்மாத்திரம்?

புது ஊர்களுக்கோ வசையே விழுவதில்லை. எல்லாம் தாமான் என்ற குடியிருப்பு, எல்லாம் பண்டார் என்ற நகரம், எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு ஸ்ரீ. பக்கத்துத் தாமானில் யார் குடியிருக்கிறார்கள் என்றே தெரியாதபோது எதைப் பழிப்பது? வாட்சப் குழுவில் குப்பை லாரி வரவில்லை என்று புகார் எழுதுகிறார்கள். எதுகை இல்லை, மோனை இல்லை, அடுத்த தாமானைப் பற்றி ஒரு கிண்டல்கூட இல்லை. சிரம்பானை ஒட்டி எழும்பிய நகரத்துக்குச் சிரம்பான் 2 என்று எண்ணைப் போட்டு முடித்துவிட்டார்கள். பெயர் யோசிக்க நேரமில்லை போலிருக்கிறது. சும்மா விடுவதா?

மரத்துக்கு நம்பரு, நிரைக்கு நம்பரு, மனுசனுக்கும் போட்டாங்க;
மிச்சம் இருந்தது ஊரு ஒண்ணு, அதுக்கும் ரெண்டுன்னு போட்டாங்க.

சிரம்பான் 2 வாசிகள் யாருக்காவது இதைப் படித்துவிட்டுக் கோபம் வந்தால் நல்லது, ஊர் பிறக்கும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். பதில் பாட்டு எழுதுங்கள். என் தாமானின் பெயரிலும் ஒரு ஸ்ரீ உண்டு, திட்டுவதற்கு வசதியாக இருக்கும்.